ஏர் பிளாஸ்ட் வந்தால்: கோலார் தங்கவயல் நினைவுகள்

நான் சாம்பியன் ரீஃப் சுரங்கத்து லைனில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன். கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றிலிருந்து மேஸ்திரி கூட்டிவந்த ஆட்களோடு வந்து சேர்ந்தவர். ஊரில் சேரிக்காரர், தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. இங்கே கூலி காசாகக் கைக்கு வந்தது. யார் முன்னாலும் துண்டை இடுப்பில் கட்ட வேண்டியதில்லை. தங்கவயலின் மாரிக்குப்பத்தில், சாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளை இருந்தது. அவர் எழுத்துகளைப் புத்தகமாகப் போட்டதும் எங்கள் சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலைதான். 1930-இல் எல்லோரும் கைரேகை வைக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது ஆயிரக்கணக்கானவர்கள் சுரங்கத்தில் இறங்க மறுத்துவிட்டார்கள். குற்றவாளியிடம் வாங்குவதை எங்களிடம் ஏன் கேட்கிறாய் என்கிற ரோஷம் அது. இதைச் சொல்லாமல் லைன் என்றால் வெறும் வறுமை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆனாலும் கோடு இருந்தது. வெள்ளைக்காரர்களுக்குத் தோட்டம் வைத்த பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். ஆங்கிலோ இந்தியர்களுக்கு அதற்கு அடுத்த படி. எங்களுக்கு மூங்கில் தட்டி அடைத்த ஒற்றை அறை. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-இலேயே மின்சாரம் வந்த ஊர் இது. என் பாட்டி கல்யாணமாகி வந்து ரொம்பக் காலத்துக்கு மண்ணெண்ணெய் விளக்கில்தான் சமைத்தார்.

எனக்கு மறக்காதது ஏர் பிளாஸ்ட். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம். அந்த அழுத்தத்தில் பாறை திடீரென்று வெடிக்கும். மேலே தரை குலுங்கும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது ஒரு மத்தியானம் அப்படிக் குலுங்கியது. பாட்டி அரைத்துக்கொண்டிருந்த கையைக் கழுவக்கூட இல்லை. மிளகாய் விழுதோடு என்னை இழுத்துக்கொண்டு, ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறும் ஷாஃப்டுக்கு ஓடினார். அங்கே லைன் பெண்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். யாரும் அழவில்லை, பேசவும் இல்லை. கூண்டு மேலே வரும். இறங்குகிறவர்கள் முகமெல்லாம் கல்தூசி, யார் யார் என்றே தெரியாது. நடையைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்றாவது கூண்டில் அப்பா வந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார், அதனால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பாட்டி அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து அரைக்க ஆரம்பித்தார். என் மணிக்கட்டு ராத்திரி வரைக்கும் எரிந்தது.

* * *

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நானும் தங்கவயல்தான், ஆனால் அந்தப் பக்கம். அப்பா சுரங்க அலுவலகத்தில் அதிகாரி, எங்களுக்கு ஓட்டு வீடும் முன்னால் ரோஜாச் செடிகளும் உண்டு. ஏர் பிளாஸ்ட் வந்தால் எங்கள் வீட்டில் கண்ணாடி அலமாரியில் தட்டுகள் கிணுகிணுக்கும். அம்மா போய் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொள்வார். அவ்வளவுதான். 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்கிற நுண்துகளைப் பதிவு செய்ததை அப்பா வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்வார். கீழே என்ன நடக்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டது அது ஒன்றுதான்.

பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் பெண் லைனிலிருந்து வருவாள். ஒருமுறை தட்டுகள் ஆடிய மறுநாள் அவள் வரவில்லை. ஒரு வாரம் கழித்து வந்தபோது, காய்ச்சலா என்று கேட்டேன். "அப்பா மேலே வரல" என்றாள். பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகும் நாங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்தோம். ஆனால் ஒருநாளும் அவள் வீட்டுக்கு நான் போகவில்லை, அவளையும் கூப்பிடவில்லை. யாரும் தடுக்கவில்லை. போகலாம் என்று தோன்றவே இல்லை, அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

* * *

நான் இவர்களுக்கு அடுத்த தலைமுறை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அதிகாரிகள் வீடுகளில் இருந்தவர்கள் பெங்களூர், சென்னை என்று போய்விட்டார்கள். லைனில் இருந்தவர்கள் லைனிலேயே இருக்கிறோம். விடியும் முன்னே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டின பிறகு திரும்புகிறோம். முன்பு ஷிப்ட் சங்கு, இப்போது ரயில்.

என் மாமா முப்பது வருஷம் கீழே துளை போட்டவர். இருமல் வந்தபோது ஒரு மருத்துவமனையில் காசநோய் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். நுரையீரலில் இருந்தது கல்தூசி என்று தெரிவதற்குள் இரண்டு வருஷம் போய்விட்டது. இப்போது வாசலில் கட்டிலைப் போட்டு, எதிரே இருக்கும் சயனைடு மேட்டை, தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் குவியலை, பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். காற்று அடித்தால் அங்கிருந்து வெள்ளை மண் பறந்து கொடியில் காயும் துணியில் படியும். அத்தை திரும்ப அலசிப் போடுவார்.