மணிமேகலை இல்லாத பொன்னியின் செல்வன்

கடைசிப்பக்கம்:
'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களையும் நேற்று மறுபடி பார்த்தேன். அதே பழைய வருத்தம்தான். கல்கியின் நாவலைப் படித்தவர்களுக்கு மணிமேகலை இல்லாதது உறுத்தவில்லையா? கண்ணாடியில் தன் முகத்துக்குப் பக்கத்தில் கதாநாயகன் வந்தியத்தேவன் முகமும் தெரிய, கனவா நனவா என்று திகைத்து நிற்பாளே, அவள்தான். அவனைக் காப்பாற்றுவதற்காகச் சோழ இளவரசன் கரிகாலனைக் கொன்ற பழியையே தன்மேல் போட்டுக்கொள்வாள். ஐந்து பாகக் கதையும் பட்டாபிஷேகத்தோடு முடிவதில்லை. அவன் மடியில் அவள் உயிர் பிரிவதில்தான் முடிகிறது. அவளை எடுத்துவிட்டதால் படத்து வந்தியத்தேவன் கடைசிவரை விளையாட்டுப் பிள்ளையாகவே நின்றுவிட்டான்.

முன்வரிசை:
நானும் படித்தவன்தான், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியது. படத்துக்குக் கிடைத்தது இரண்டும் சேர்த்து ஐந்தரை மணி நேரம். மணிமேகலைக்கு நாலு காட்சி ஒதுக்கியிருந்தால், யார் இந்தப் பெண், ஏன் அழுகிறாள் என்றுதான் படிக்காதவர்கள் கேட்டிருப்பார்கள். மணிரத்னம் கரிகாலன், அவனுடைய பழைய காதலி நந்தினி கதையைப் பிடித்துக்கொண்டார். கடம்பூரில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியைப் பாருங்கள். புத்தகத்தில் நிறையப் பேசுவார்கள். இங்கே கரிகாலனாக வந்த விக்ரமின் கண்ணே போதுமாக இருந்தது.

கடைசிப்பக்கம்:
அந்தக் காட்சியில் எனக்கும் தொண்டை அடைத்தது, மறுக்கவில்லை. சரி, நேரம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சேந்தன் அமுதன்? கோயிலுக்குப் பூத்தொடுக்கும் அந்தப் பிள்ளைதான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் மகன் என்று தெரியவரும் இடத்தில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தில் இளவரசன் அருள்மொழி முடியை விட்டுக்கொடுப்பது அவனுக்குத்தான். படத்தில், அவள் மகனாக வளர்ந்த மதுராந்தகனுக்கே முடிசூட்டிவிட்டார்கள். அதற்கும் நேரமா காரணம்?

முன்வரிசை:
இல்லைதான். ஆனால் சேந்தன் அமுதனைப் போன்ற சாதுவுக்கு விட்டுக்கொடுப்பது சுலபம். அரியணைக்காகச் சதிக்குத் துணைபோனவன் தலையில் அருள்மொழி தன் கையால் முடியை வைப்பதுதான் பெரிய விஷயம். அப்புறம், கல்கியின் திருப்பம் தெரிந்த எனக்கே அந்த இடம் புதிதாக இருந்தது. எல்லாம் அப்படியே வேண்டுமென்றால் புத்தகம்தான் கையில் இருக்கிறதே.

பாதியில்வந்தவன்:
நான் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நாவலுக்கு வந்தேன், போன வாரம் முடித்தேன். குந்தவை என்றால் த்ரிஷா, வந்தியத்தேவன் என்றால் கார்த்தி. கல்கி எவ்வளவு வர்ணித்தாலும் அந்த முகங்கள் நகரவே இல்லை. மணிமேகலை வந்தபோதுதான் யார் முகமும் குறுக்கே வரவில்லை. அவளை மட்டும் நானே உருவாக்கிக்கொண்டேன். கடைசி அத்தியாயத்தில் அதனால்தான் அவ்வளவு அழுதேனோ என்னவோ. படம் அவளைத் தொடாமல் விட்டதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கடைசிப்பக்கம்:
இப்படி நான் யோசித்ததே இல்லை. முதலில் படித்தபோது எனக்கு எல்லோருமே அப்படி என் மனசுக்குள் இருந்தவர்கள்தான். நீங்கள் எழுதியதைப் படித்ததும் கண்ணை மூடி என் பழைய வந்தியத்தேவனைத் தேடிப் பார்த்தேன். கார்த்திதான் வருகிறார்.