லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ்: 'கலைப்பு முன்னுரிமை' வேண்டாமே

> லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் = கலைப்பு முன்னுரிமை. அகராதிப்படி சரிதானே?

அகராதிப்படி சரி. ஒப்பந்தத்தில் வைத்தால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

நிறுவனத்தின் பணத்தைப் பிரிக்கும்போது, முதலீட்டாளர் தான் போட்டதை அல்லது அதன் மடங்கை மற்றவர்களுக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும் உரிமை இது. துணிகர முதலீட்டு ஒப்பந்தங்களில், அதாவது புது நிறுவனங்களில் பணம் போடுவோர் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தங்களில், இந்த உரிமை நிறுவனத்தை இழுத்து மூடும்போது மட்டும் எழுவதல்ல. இன்னொருவர் நிறுவனத்தை வாங்கினாலும், இணைப்பில் கட்டுப்பாடு கைமாறினாலும், அதுவும் 'கலைப்பாகவே கருதப்படும்' என்று ஒரு வரி உள்ளே இருக்கும். நடைமுறையில் இது கணிசமாகப் பணம் பிரிப்பதே விற்பனையின்போதுதான்.

ஒரு நிறுவனருக்கு ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கி எழுதிக் கொடுத்தபோது நானும் 'கலைப்பு முன்னுரிமை' என்றே போட்டேன். "கலைக்கிற எண்ணமே இல்லையே, அப்புறம் என்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார். மதிப்பீட்டுத் தொகைக்காக மட்டும் அரை நாள் மல்லுக்கு நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பிழை என் சொல்லில்.

கணக்கைப் பாருங்கள். முதலீட்டாளர் 10 கோடி போட்டு 25 விழுக்காடு பெறுகிறார். நிறுவனம் 20 கோடிக்கு விலைபோகிறது. பங்கின்படி அவருக்கு 5 கோடிதான். ஒரு மடங்கு உரிமை இருந்தால் 10 கோடி. போட்டதை எடுத்துக்கொண்டு மிச்சத்திலும் பங்கு கேட்கும் வகையானால் 12.5 கோடி. இரண்டு மடங்கு என்று எழுதியிருந்தால் 20 கோடியும் அவருக்கே, நிறுவனர்களுக்குக் கைகுலுக்கல்.

நிஜத்திலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டிரேடோஸ் நிறுவனம் 2005இல் 6 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. நிர்வாகிகளுக்கான ஊக்கத்தொகை 78 லட்சம் போக, மீதி 5.22 கோடியும் இந்த உரிமை கொண்ட முன்னுரிமைப் பங்குதாரர்களுக்குப் போயிற்று. சாதாரணப் பங்குக்கு ஒரு காசு இல்லை. வழக்கு டெலவேர் நீதிமன்றம் வரை போய், 2013இல் முதலீட்டாளர் பக்கமே தீர்ந்தது: சாதாரணப் பங்குக்கு அப்போது மதிப்பே இல்லை என்றார் நீதிபதி.

முதலீட்டாளர் பக்கமும் நியாயம் உண்டு. வேறு சொத்தில்லாத நிறுவனம் 10 கோடியை வாங்கிய மறுநாளே அதே 10 கோடிக்கு விலைபோனால், இந்த உரிமை இல்லாதபோது 7.5 கோடி நிறுவனர்கள் பைக்குள் போய்விடுமே!

ஆகவே, எப்போது என்பதை விட்டு, என்ன நடக்கிறது என்பதைச் சொல் காட்டட்டும். என் முன்மொழிவு: முன்மீட்பு.

---

> என் முன்மொழிவு: முன்மீட்பு.

ஐயா, வணிகவியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு தடை. 'மீட்கத்தக்க முன்னுரிமைப் பங்கு' பாடநூல்களில் ஏற்கெனவே இருக்கிறது. அது நிறுவனமே பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்வது. 'முன்மீட்பு' என்றால் என் மாணவர்கள் 'தவணைக்கு முன்பே மீட்பது' என்றுதான் எழுதுவார்கள். 'முன்' வருகிற எதற்கும் 'முன்பணம்' வாடை உண்டு. வேறொருவர் தனிமடலில் 'முதற்பேறு' என்றார். தலைச்சன் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோமா என்று கேட்டேன்.

---

மீட்பு பற்றிய தடை நியாயம், கைவிடுகிறேன். ஆனால் அந்தத் தலைச்சன் பிள்ளையைப் பாதி காப்பாற்றலாம்: முதற்பெறல்.

'முதல்' என்பதற்கு முன்னதாக என்றும் பொருள், போட்ட பணம் என்றும் பொருள். முதலாவதாக முதலைப் பெறுகிறார்! இரண்டும் ஒரே சொல்லில் அடங்குவது நமக்கு வாய்த்த வசதி. 'ஒரு மடங்கு முதற்பெறல்', 'இரு மடங்கு முதற்பெறல்' என்று எண்ணோடும் ஒட்டுகிறது.

வகைகளுக்கு வினைத்தொகை போதும். முதலையும் எடுத்து மிச்சத்திலும் பங்கு கேட்பது பங்குசேர் முதற்பெறல். முதலா பங்கா, எது அதிகமோ அதை மட்டும் எடுப்பது பங்குவிடு முதற்பெறல். மேற்படி கணக்கில் விலை 40 கோடியைத் தாண்டினால் பங்குவிடு வகைக்காரர் முதலை விட்டுப் பங்குக்கே வருவார். அங்கே மட்டும் 'பங்குவிடு' கொஞ்சம் உதைக்கிறது. தெரிந்தேதான் எழுதுகிறேன், இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிவிடுவோம்.

பங்கு காலப்போக்கில் கொஞ்சங்கொஞ்சமாக ஒருவருக்குச் சொந்தமாகும் வெஸ்டிங்குக்கு 'உரித்தாதல்' போதும், அதில் சண்டை இல்லை. முதல் ஆண்டு முடியும்வரை ஒன்றும் உரித்தாகாத கிளிஃப் என்பதை யாரோ 'மலைமுகடு' என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். 'காத்திருப்பு ஆண்டு' என்று மாற்றுகிறேன், மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.