நீல பம்ப்பை மட்டும் நம்பும் அம்மாவிடம் எப்படிப் பேசுவது?

ஆயர் ஈத்தாம் பொண்ணு:
அம்மாவுக்கு வயது 58, ரொம்ப வருடமாக ஆஸ்துமா. கிளினிக் கெசிஹாத்தானில் இரண்டு பம்ப் (இன்ஹேலர்) தருகிறார்கள். நீலம் எப்போதும் கைப்பையில் இருக்கும், ஆனால் காலையும் இரவும் இழுக்க வேண்டிய பழுப்பு பம்ப் பெட்டிகூடப் பிரிக்காமல் அலமாரியில் சேர்ந்துகொண்டே போகிறது. காசுப் பிரச்சினை இல்லை, அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட்தானே. கேட்டால், "அதை இழுத்தா ஒன்னுமே தெரியலையேம்மா, அதுவும் ஸ்டீராய்டாம், எலும்பைத் தின்னுடுமாம்" என்கிறார். வாட்ஸ்அப் புண்ணியம். என்ன சொல்லிப் புரியவைப்பது?

மருந்துக் கவுண்டர்:
அம்மா சொல்வதில் பாதி சரிதான், சிஸ்டர். நீலத்தில் இருக்கும் சால்பியூட்டமால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் தளர்த்திவிடும், அது உடனே தெரியும். பழுப்பு உள்ளே இருக்கும் அழற்சியை நாள்கணக்கில், வாரக்கணக்கில்தான் குறைக்கும், இழுத்த கையோடு எதுவும் தெரியாது. ஸ்டீராய்டு பயத்துக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள். மூச்சுத்திணறல் முற்றி எமர்ஜென்சிக்குப் போனால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தருவார்கள், நாளைக்கு 30 மில்லிகிராம் என்று 5 நாள் வைத்தாலே 150 மில்லிகிராம். பழுப்பு பம்ப்பில் நாளைக்கு 400 மைக்ரோகிராம் என்றால் ஒரு வருடம் முழுக்க இழுத்தாலும் 146 மில்லிகிராம்தான். இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் ஒன்றல்ல, ஆனாலும் ஸ்டீராய்டுக்குப் பயந்து பம்ப்பை விடுகிறவர்தான் கடைசியில் மாத்திரையாக உடம்பு முழுக்க வாங்கிக்கொள்கிறார். அதிக டோஸில் பல வருடம் போனால் எலும்பைக் கவனிக்க வேண்டும் என்பது உண்மை, அதை டாக்டரிடமே கேட்கலாம்.

பாயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்:
கணக்கெல்லாம் சரி, ஆனால் எங்களை மாதிரி ஆட்கள் விடுவதற்குக் காரணம் வேறு. ஷிப்ட் மாறிக்கொண்டே இருந்தால் காலை எது, இரவு எது? புகைமூட்டம் வந்தால் ஒழுங்காக இழுப்போம், மழை பெய்து வானம் தெளிந்ததும் மறந்துவிடுவோம், நல்லாத்தானே இருக்கு என்று தோன்றும். அப்புறம் தொண்டை கட்டும், வாயில் வெள்ளையாகப் படியும். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பணும் என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை. இப்போது பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், எந்த ஷிப்டாக இருந்தாலும் பல் துலக்கித்தானே ஆகணும்.

செந்தூல் அக்கா:
முதலில் அவர் இழுப்பதைப் பாருங்கள்மா. அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒன்றுசேராவிட்டால் மருந்தெல்லாம் நாக்கிலேயே நின்றுவிடும், பம்ப்பில் மாட்டி இழுக்கும் ஸ்பேசர் குழாய் இருந்தால் சுலபம். இன்னொன்று, பியூடெசோனைடு என்ற ஸ்டீராய்டும், மூச்சுக்குழாயைத் தளர்த்தும் பார்மோட்டெராலும் சேர்ந்த பம்ப் இருக்கிறது. சிலருக்கு டாக்டர்கள் அதையே தினசரிக்கும் அவசரத்துக்கும் கொடுக்கிறார்கள். பார்மோட்டெரால் சீக்கிரம் வேலை செய்வதால் இழுத்ததும் சுகம் தெரியும், கூடவே ஸ்டீராய்டும் உள்ளே போய்விடும். பெரியவர்களுக்கு நீலம் மட்டும் போதாது என்று 2019-லேயே ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. அம்மாவுக்கு ஒத்துவருமா என்று கேட்டுப் பாருங்கள். அலமாரியில் இருக்கும் பெட்டிகளையும் எடுத்துப் போங்கள், டாக்டர் திட்டினால் திட்டட்டும்.

ஆயர் ஈத்தாம் பொண்ணு:
நன்றி அக்கா. பெட்டியோடு போனால் அம்மா என்னோடு பேசமாட்டார், பரவாயில்லை, போகிறேன்.