அசலும் நகலும்: பழைய ஜப்பானியப் பந்தயக் கார்களை நேரில் பார்த்தவர்கள் எழுதலாம்

பழைய ஜப்பானியப் பந்தயக் கார்களை, அதிலும் கம்பெனிகளே கட்டி ஓட்டிய வண்டிகளை, நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். மியூசியம், கண்காட்சி, சாலையோரம், எங்கே பார்த்திருந்தாலும் சரி. ரெப்ளிகாவும், அதாவது அசலைப் பார்த்துக் கட்டிய நகல் வண்டியும், கணக்கில் சேரும். நானே ஒரு ரெப்ளிகாவில்தான் தொடங்குகிறேன்.

ஜப்பானில் ஒரு கண்காட்சியில் மஞ்சளும் பச்சையுமாக ஒரு டொயோட்டா 2000ஜிடி நின்றது. 1966 அக்டோபரில் ஜப்பானின் யதாபே சோதனை ஓடுதளத்தில் 78 மணி நேரம் தொடர்ந்து ஓடி, 10,000 மைல் தூரத்தைச் சராசரியாக மணிக்கு 206 கி.மீ. வேகத்தில் கடந்த கார் அது. 3 உலக சாதனைகள், 13 சர்வதேசப் பிரிவுச் சாதனைகள். 2000ஜிடியை இன்னும் யாரும் காசு கொடுத்து வாங்காத காலத்தில் அந்தக் காருக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது இந்த ஓட்டம்தான். கிட்டே போய்ப் பலகையைப் படித்தால், ரெப்ளிகா. சாதனை செய்த கார் இன்று இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1968-ல் அமெரிக்காவில் எஸ்.சி.சி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் கார் சங்கம் நடத்தும் பந்தயங்களில், விற்பனைக்கு வரும் கார்களுக்கான சி-புரொடக்‌ஷன் பிரிவில் போட்டியிட, அமெரிக்கப் பந்தயக்காரர் கரோல் ஷெல்பியின் குழுவுக்கு 2000ஜிடி கார்களைக் கொடுத்தது டொயோட்டா. மொத்தம் 3 கார்கள் தயாராயின, அதில் ஒன்று உபரி. நன்றாகவே ஓடின, ஆனால் ஒரே சீசனோடு கதை முடிந்தது. பிறகு மூன்றில் ஒன்றை ஜப்பானுக்கு எடுத்துப் போனார்கள். போனதை அப்படியே வைத்திருக்கலாம் அல்லவா? அந்தக் காரைத்தான் யதாபே சாதனைக் காரின் நகலாக மாற்றினார்கள். ஒரு நிஜப் பந்தயக் கார், இன்னொரு காரின் வேஷம் போடுவதற்காகத் தன் சொந்த முகத்தை இழந்தது. அமெரிக்காவிலேயே தங்கிவிட்ட மற்ற இரண்டில் ஒன்று 2022-ல் 25 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

இதற்காக டொயோட்டாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு அது பட்டம் வாங்காமல் ஊர் திரும்பிய பழைய பந்தயக் கார், அவ்வளவுதான். பந்தயக் குழுக்கள் போன வருஷத்து வண்டியை உடைத்துப் பாகம் எடுத்துக்கொண்ட காலம் அது. எனக்கு இருக்கும் குறை வேறு. 'ரெப்ளிகா' என்று பலகையில் நேர்மையாகப் போடுகிறார்கள். எந்தக் காரை மாற்றி அந்த ரெப்ளிகா வந்தது என்று போடுவதில்லையே?

*

நல்ல தலைப்பு, அண்ணா. நான் வேலைக்காக யோகோஹாமாவில் இருக்கிறேன். இங்கே ஞாயிறு காலையில் கார் ரசிகர்கள் கூடும் டைகோகு பார்க்கிங் பக்கம் போனால் நிசானின் பழைய ஸ்கைலைன்கள் கண்ணில் படாமல் இருக்காது. 'ஹகோசுகா' என்று செல்லமாகச் சொல்கிற அந்தப் பெட்டி ஸ்கைலைனில் பாதிப் பேர், பந்தயத்துக்கென்றே வந்த உயர் வகையான ஜிடி-ஆரின் பேட்ஜ் ஒட்டியிருப்பார்கள். நிஜ ஜிடி-ஆர் நான்கு கதவு, இரண்டு கதவு எல்லாம் சேர்த்தே இரண்டாயிரத்தை ஒட்டித்தான் வந்தது. அப்புறம் கணக்கு எப்படி இடிக்காமல் இருக்கும்!

கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. இரண்டு கதவு ஜிடி-ஆரின் சேசிஸ் எண் கேபிஜிசி10 என்று தொடங்கும். சாதாரண ஸ்கைலைன் 2000ஜிடி (டொயோட்டா இல்லை, பெயர் மட்டும் ஒன்று) என்றால் கேஜிசி10. நடுவில் அந்த 'பி' இல்லையென்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பானெட்டைத் திறந்தால் இன்னும் சுலபம். ஜிடி-ஆரின் எஸ்20 இன்ஜின் 6 சிலிண்டர், 24 வால்வு, 160 குதிரைத்திறன். கார்புரேட்டர் ஒரு பக்கமும் எக்ஸாஸ்ட் எதிர்ப் பக்கமும் இருக்கும். சாதாரண எல் வகை இன்ஜினில் இரண்டும் ஒரே பக்கம். வெளியே நின்று பார்ப்பதானால் பின் சக்கரத்தின் மேல்பகுதியைப் பாருங்கள். ஜிடியில் பக்கவாட்டுக் கோடு சக்கரத்தின் மேல் வளைந்து இறங்கும். ஜிடி-ஆரில் அகல டயருக்காக அந்த இடத்தை வெட்டியிருப்பார்கள்.

நான் சொல்ல வந்தது ஒரு பெரியவரைப் பற்றி. வெள்ளி நிறம், கதவில் வட்டத்துக்குள் பந்தய எண், ரிவெட் அடித்த ஃபெண்டர், வாட்டனபே வீல். பார்த்தவுடன் 1971-ஆம் ஆண்டு ஃபுஜி பந்தயத் தளம் நினைவுக்கு வரும். நான் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்து அவரே பானெட்டைத் தூக்கினார். உள்ளே எல் வகையில் 2.8 லிட்டரான எல்28, அதையும் பெரிதாக்கி 3.1 லிட்டர் ஆக்கியிருந்தார். "இது ஜிடி, ஆர் கிடையாது. வாலிபத்தில் நானே பின்னால் வெட்டினேன்" என்றார். ஒளிவுமறைவே இல்லை. "நிஜ ஜிடி-ஆர் என் வண்டியைப் பிடிக்காது" என்று ஒரு சிரிப்பு வேறு. உண்மைதான், தெருவில் ஓடிய நிஜ ஜிடி-ஆர் 2 லிட்டர்தானே.

அதன்பிறகு ஸாமாவில் நிசானின் பழைய வண்டிக் கிடங்குக்குப் போய்ப் பந்தய ஜிடி-ஆரைப் பார்த்தேன். 1969 மே மாதம் ஃபுஜியில் முதல் வெற்றி, மூன்று வருடம் முடிவதற்குள் 50-ஆவது வெற்றி என்று நிசான் கணக்குச் சொல்லும் பரம்பரை. கிட்டே போனால் ரெப்ளிகாக்காரர்கள் எங்கெங்கே விலகுகிறார்கள் என்று புரிகிறது. கம்பெனி அணி போட்டது கோபே ஸ்டீல் மெக்னீசியம் வீல். பந்தய இன்ஜினில் மூன்று சோலெக்ஸ் கார்புரேட்டருக்குப் பதில், பெட்ரோலைப் பீய்ச்சும் லூகாஸ் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன். ரெப்ளிகாவில் பெயிண்ட் கண்ணாடி மாதிரி மின்னும். நிஜத்தில் அப்படி ஒரு பளபளப்பு எனக்குத் தெரியவில்லை.

அதே இடத்தில் 1972 டோக்கியோ மோட்டார் ஷோவில் காட்டிய 73-ஆம் எண் 'கென்மேரி' (ஹகோசுகாவுக்கு அடுத்து வந்த ஸ்கைலைன்) பந்தய ஜிடி-ஆரும் இருக்கிறது. அந்த மாடலில் சாலைக் கார்களே 197தான் விற்றார்கள். நிசான் அதைப் பந்தயத்தில் இறக்கவே இல்லை. ஆனால் ஊரெல்லாம் 73-ஆம் எண் ஒட்டிய கென்மேரி ஓடுகிறது. நடக்காத பந்தயத்துக்கு நகல்! எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை, ரசித்துத்தான் பார்க்கிறேன்.

ரசிக்க முடியாத ஒன்றும் உண்டு. நண்பர் ஒருவர் ஹகோசுகா வாங்கப் போனார், துணைக்கு நான். கடைக்காரர் ஜிடி-ஆர் விலை சொன்னார். இன்ஜின் நிஜமான எஸ்20. ஆனால் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் சேசிஸ் எண் அடித்திருக்கும் தகட்டைச் சுற்றி, பெயிண்டுக்கு அடியில் லேசாக வெல்டிங் மேடு விரலில் தட்டியது. எங்கிருந்தோ வெட்டி எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால் "துரு பிடித்தது, டிங்கரிங் செய்தோம்" என்று பதில். நண்பர் வாங்கவில்லை. அந்தப் பெரியவரின் வண்டிக்கும் இதற்கும் இரும்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் பானெட்டைத் திறந்து சொன்னார், இன்னொருவர் பெயிண்ட் அடித்து மூடினார்.

*

நான் பாரிஸில் இருக்கிறேன். 2011-இல் இங்கே நடக்கும் 24 மணி நேர லு மான் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். பந்தயம் தொடங்க முன்னர் மஸ்டா 787பி ஓடியது. 1991-இல் அங்கே வென்ற 55-ஆம் இலக்கக் கார்தான், ஆரஞ்சும் பச்சையும். 1991-இல் கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஜொனி ஹேர்பேர்ட்தான் 20 வருடம் கழித்தும் ஓட்டினார். 1991-இல் கார் 362 சுற்று முடித்ததும் இறங்கினவர் நீரிழப்பில் மயங்கி, மேடைக்கே வர முடியாமல் போனவர்.

பிஸ்டனுக்குப் பதில் சுழலும் ரோட்டர் இருக்கிற இன்ஜின்: நான்கு ரோட்டர், 2.6 லீட்டர், 700 குதிரைவலு. கார் கண்ணுக்குத் தெரிய முதலே சத்தம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பிரெஞ்சுக்காரக் கிழவர் காதைப் பொத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். 2018-இல் டொயோட்டா வெல்லும் வரைக்கும் லு மானை வென்ற ஒரே ஜப்பானியக் கம்பெனி மஸ்டாதான். அந்த இன்ஜினைத் திரும்ப ஓட வைக்க என்னென்ன மாற்றினார்கள் என்று எனக்கு அக்கறை இல்லை, சொல்லிப்போட்டேன். ஓடாமல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற அசலை விட, பாதிப் பாகம் புதிதாகிக் கத்துகிற கார் எனக்குப் போதும்.

*

பாரிஸ் நண்பர் சொன்னதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். நான் பவுண்டரிக்காரன். பழைய மெக்னீசியம் வீலை நம்பி யாரும் வேகமாக ஓட்டக் கூடாது. அரிப்பு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், மேலே பெயிண்ட் நன்றாகத் தெரியும், விரிசல் கண்ணுக்குப் படாது. ஃபியூயல் டாங்கின் ரப்பர் பையும் அப்படித்தான், வயதானால் உதிரும். ஆகவே ஓட்டுவதென்றால் இதையெல்லாம் மாற்றித்தான் ஆக வேண்டும், சந்தேகமே இல்லை.

ஆனால் கழற்றிய வீல் எங்கே போகிறது? அதுதான் என் கேள்வி. புது வார்ப்பில் வார்த்த தேதியை உள்பக்கமாகப் பொறிக்க வேண்டும், பழையதைக் காரோடு சேர்த்து வைக்க வேண்டும். செலவு பத்துப் பைசா. செய்யாவிட்டால் 30 வருடம் கழித்து என் பேரன் மாதிரி ஒருவன் புது வீலைத் தடவிப் பார்த்து "1970 வார்ப்பு" என்று கட்டுரை எழுதுவான்.

*

தலைப்பைத் தொடங்கியவன்தான். தேதி பொறிக்கிற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. 2000ஜிடி நகலிலும் அந்த மாதிரி ஒரு வரி இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

யோகோஹாமா தம்பி, வருஷக் கடைசியில் ஃபுஜியில் நடக்கும் நிஸ்மோ (நிசானின் பந்தயப் பிரிவு) விழாவுக்குப் போனால் ஒரு உதவி செய்யுங்கள். 1960-களின் பந்தயக் காரான ஆர்380 ஓடினால் படம் முன்பக்கத்தில் வேண்டாம், அதை எல்லோரும் எடுக்கிறார்கள். பின்னால் கவரைக் கழற்றியிருக்கும் நேரம் பார்த்து இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் எடுத்துப் போடுங்கள். பிரிட்டிஷ் பந்தயக் கார் கம்பெனி பிரபாமின் சேசிஸைப் பார்த்துக் கட்டிய வண்டி அது. எது 1960-களின் வெல்டிங், எது நேற்றைய வெல்டிங் என்று இங்கே உட்கார்ந்து சண்டை போடலாம்.