பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு ஓவிய போர்ட்ஃபோலியோ: எதை வைப்பது, எதை எடுப்பது?

கோடுகிறுக்கி:
வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். உயிரியல், ஓவியம் இரண்டையும் விடாமல் படிக்க வேண்டும் என்று ஆசை. யேல், கார்னெகி மெலன், அப்புறம் ப்ரௌன் பல்கலைக்கழகமும் ரிஸ்டி (RISD) என்ற கலைக் கல்லூரியும் சேர்ந்து நடத்தும் இரட்டைப் பட்டப் படிப்பு, இவைதான் இப்போதைக்குப் பட்டியல்.

வரைந்தது நிறைய இருக்கிறது. பெரும்பாலும் பென்சில் முகங்கள், ஃபோட்டோ பார்த்து வரைந்தவை. பார்க்கிறவர்கள் எல்லாரும் "ஃபோட்டோ மாதிரியே இருக்கே" என்பார்கள். கலைக் கல்லூரிப் பிரதிநிதிகள் மாணவர்களின் படங்களைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் நேஷனல் போர்ட்ஃபோலியோ டேக்குப் போய் ஒரு கல்லூரிப் பிரதிநிதியிடம் காட்டினேன். மளமளவென்று தள்ளிக்கொண்டே போனார். என் அக்கா சோபாவில் தூங்குவதைக் கரியில் அவசரமாக வரைந்த ஒரு படத்தில் மட்டும் நின்றார். "இது மாதிரி இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தப் படத்தைக் கடைசி நிமிஷத்தில்தான் உள்ளே சொருகியிருந்தேன்.

சந்தேகங்கள்: முகப்படங்களை எல்லாம் தூக்கிவிட வேண்டுமா? யேல் மாதிரி இடங்களில் ஓவியம் அனுப்புவது கட்டாயமில்லை என்கிறார்கள், அனுப்பலாமா? இன்னொன்று, பென்சில் படங்களை ஃபோனில் எடுத்தால் கறுப்பெல்லாம் பளபளவென்று சாம்பலாகத் தெரிகிறது. என்ன செய்வது?

மகளின் அப்பா:
கட்டாயமில்லை என்று போட்டிருந்தாலும் அனுப்பிவிடுங்கள் தம்பி. இவ்வளவு போட்டி இருக்கும் இடத்தில் கூட ஒரு காகிதம் இருந்தால் நல்லதுதானே? என் மகள் கணினி அறிவியலுக்குத்தான் விண்ணப்பித்தாள், ஆனாலும் அவள் வரைந்ததை எல்லா இடத்துக்கும் அனுப்பினோம்.

கரித்தூள்:
ஐயா சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. போர்ட்ஃபோலியோ வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். பல பல்கலைக்கழகங்களில் இந்தக் கூடுதல் இணைப்பைச் சேர்க்கைக் குழு தானே எடை போடுவதில்லை. ஓவியத் துறை ஆசிரியர்களிடம் போகும், அவர்கள் பார்த்துவிட்டுக் கருத்து எழுதுவார்கள். "நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கள் மாணவர்கள் அளவுக்கு இல்லை" என்று ஒரு வரி வந்தால் அது விண்ணப்பத்துக்கு எந்தப் பலமும் சேர்க்காது. விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்கு வேலை கூடியதுதான் மிச்சம். பொழுதுபோக்கு அளவில் வரைகிறவர்கள் அதை விண்ணப்பத்தின் செயல்பாடுகள் பட்டியலில் ஒரு வரியாகப் போட்டாலே போதும்.

ஆனால் தம்பி, உங்கள் கதை வேறு. நீங்கள் ஓவியத்தையே ஒரு பாதியாகப் படிக்கப் போகிறீர்கள். அனுப்பத்தான் வேண்டும், இப்போது இருக்கிற தொகுப்பை அல்ல.

உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்றும் மூன்று விதம், அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். யேலில் ஸ்கூல் ஆஃப் ஆர்ட் இருக்கிறது, ஆனால் அதன் பட்டம் முதுநிலை மட்டும். இளநிலையில் நீங்கள் யேல் கல்லூரி மாணவர், அங்கே இருந்துகொண்டு ஓவியத்தை முதன்மைப் பாடமாக எடுக்கலாம். உங்களைச் சேர்ப்பது முழு விண்ணப்பமும் சேர்ந்துதான், ஓவியம் அதில் ஒரு துண்டு. கார்னெகி மெலனில் பிஎக்ஸ்ஏ என்ற கலப்புப் படிப்பு உண்டு. அதில் பிஎஸ்ஏ என்பது அறிவியலும் கலையும் சேர்ந்தது, உயிரியல் வேண்டும் என்கிற உங்களுக்கு அதுதான் பொருந்தும். கலைப் பக்கமும் உங்களை ஏற்க வேண்டும் என்பதால் அங்கே போர்ட்ஃபோலியோ விருப்பம் அல்ல, கட்டாயம்.

ப்ரௌன்-ரிஸ்டி இன்னும் கடினம். ஐந்து வருடம், கடைசியில் இரண்டு பட்டம். இரண்டு கல்லூரிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இரண்டும் தனித்தனியாகச் சரி சொல்ல வேண்டும், அதற்கு மேல் இரட்டைப் பட்டக் குழு ஒன்று பார்க்கும். "ஏன் இரண்டும் வேண்டும்" என்று தனிக் கட்டுரையும் உண்டு. ஒன்றில் மட்டும் இடம் கிடைக்கவும் வாய்ப்பு இருக்கிறது. ரிஸ்டி 12 முதல் 20 படைப்புகள் கேட்கிறது.

முகப்படங்கள் பற்றி. ஃபோட்டோவைப் பிசகாமல் வரைவதற்குப் பொறுமையும் கையும் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எது தெரிய வேண்டும், எது இருட்டில் போக வேண்டும், எங்கே நின்று பார்க்க வேண்டும் என்ற முடிவையெல்லாம் கேமரா ஏற்கெனவே எடுத்துவிட்டது. ஆசிரியர்கள் தேடுவது அந்த முடிவுகளைத்தான். அக்கா படத்தில் அந்த மனிதர் நின்றதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். தூங்குகிற ஆள் எப்போது புரளுவாள் என்று தெரியாது, எதை விட்டு எதைப் பிடிப்பது என்று உங்கள் கை அந்த நொடியில் தேர்ந்தெடுத்திருக்கிறது. முகங்களில் ஒன்றை வையுங்கள், இரண்டு அதிகம். நடிகர் நடிகை முகம் என்றால் ஒன்றும் வேண்டாம்.

ஒளிவிலகல்:
மூன்றாவது சந்தேகத்துக்கு நான் பதில் சொல்கிறேன். பென்சில் என்பது கிராஃபைட், அழுத்தித் தேய்த்த இடம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். ஃபிளாஷைப் போட்டாலோ, நேர் எதிரே விளக்கு இருந்தாலோ ஆழமான கறுப்பு முதலில் போய்விடும்.

படத்தைச் சுவரில் செங்குத்தாக மாட்டுங்கள். ஒரே மாதிரி இரண்டு விளக்கு, இடமும் வலமும், ஒவ்வொன்றும் 45 டிகிரி கோணத்தில். அறையின் மற்ற வெளிச்சம் எல்லாம் அணைந்திருக்கட்டும், இல்லையென்றால் தாளில் ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் நீலம். விளக்கு இல்லையா, மேகமூட்டமான பகலில் வெளியே நிழலில் வைத்து எடுங்கள். அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். அப்படியும் மினுங்கினால் விளக்குகளை இன்னும் பக்கவாட்டில் தள்ளுங்கள். கண்ணாடிச் சட்டம் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

ஃபோனைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், தாளின் ஓரங்கள் வளைந்துவிடும். நாலைந்து அடி தள்ளி நின்று, இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். லென்ஸ் படத்தின் நடுவுக்கு நேராக, அதே உயரத்தில் இருக்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: வெள்ளைத் தாள் நிறைய இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். திரையைத் தொட்டு வெளிச்ச அளவைக் கொஞ்சம் மேலே இழுங்கள். பிறகு அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கறுப்பையும் வெள்ளையையும் சரி செய்யலாம். அசலைவிட அழகாக்க வேண்டாம்.

கோடுகிறுக்கி:
எல்லாருக்கும் நன்றி. மொட்டை மாடி நிழலில் எடுத்துப் பார்த்தேன், கறுப்பு கறுப்பாகவே வந்துவிட்டது!

அக்கா, நீங்கள் சொன்ன பிறகு ஸ்கெட்ச்புக்கை எல்லாம் கொட்டிப் பார்த்தேன். உயிரியல் ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த வெங்காயத் தோல், இலைத் துளைகள் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஓரத்தில் குறிப்பு, அடித்தல் திருத்தல், ஒரு இடத்தில் சாயக் கறைகூட. இதையெல்லாம் வைத்தால் கேலியாக இருக்காதா? அப்புறம் பொதுக் கட்டுரையிலும் ஓவியத்தைப் பற்றியே எழுதலாமா?

கரித்தூள்:
தம்பி, இதைத்தான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்! உயிரியலும் ஓவியமும் ஏன் சேர்ந்து வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எங்கே கிடைக்கும்? அடித்தல் திருத்தலோடு அப்படியே இரண்டு மூன்று பக்கம் வையுங்கள், கறையைத் துடைக்க வேண்டாம். அதோடு நிறுத்தாமல், நுண்ணோக்கியில் பார்த்த வடிவத்திலிருந்து பெரிய அளவில் ஒரு வேலை செய்யுங்கள். சுவரளவு தாளில் கரி, அல்லது மை. குறிப்பேட்டுப் பக்கமும் அதிலிருந்து வளர்ந்த பெரிய படமும் அடுத்தடுத்து வந்தால் நீங்கள் வாய் திறந்து விளக்கவே வேண்டாம்.

வரிசை முக்கியம். இருப்பதில் ஆகச் சிறந்தது முதலில், அதற்கு அடுத்தது கடைசியில். தயங்கித் தயங்கிச் சேர்க்கிற படம் எதுவோ அது வேண்டாம். எல்லா இடத்துக்கும் 20 என்று நிரப்பாதீர்கள், எண்ணிக்கை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, எதில் செய்தது, அளவு, வருடம். விளக்கம் கேட்டால் இரண்டு வரி. "மனித வாழ்வின் நிலையாமை" என்றெல்லாம் ஆரம்பிக்காமல் என்ன பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்.

பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் கட்டுரைக்கு 650 சொல்தான் இடம். படங்களே பேசிவிட்ட விஷயத்தை அங்கே திரும்பச் சொன்னால் வீண். உங்களைப் பற்றி வேறு ஏதாவது தெரியட்டும். செயல்பாடுகள் பட்டியலில் 10 இடம் உண்டு, ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்து. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரைகிறீர்கள் என்பதை அங்கே நேர்மையாகப் போடுங்கள், அது போதும்.

மகளின் அப்பா:
பரிசுகள் இல்லாமல் முடியுமா? ஸ்கொலாஸ்டிக் விருது, யங்ஆர்ட்ஸ் என்று இளம் கலைஞர்களுக்கான அமெரிக்கப் பரிசுகளையெல்லாம் எல்லாரும் வாங்கி வைத்திருக்கிறார்களே.

கரித்தூள்:
இருந்தால் நல்லது, பெருமைக்குரியதுதான். ஸ்கொலாஸ்டிக் 1923லிருந்து நடக்கிறது, விண்ணப்பம் படிக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனால் படத்தைப் பார்க்கிற ஆசிரியர் படத்தைத்தான் பார்ப்பார், பதக்கத்தை அல்ல. தம்பி இருக்கிற நேரத்தில் போட்டிக்கு ஓடுவதைவிடப் பெரிய தாளில் வேலை செய்யட்டும்.

கோடுகிறுக்கி:
சரி அக்கா. கடைசியாக ஒன்று: வீட்டில் என் அக்காவையே நாலைந்து தடவை வரைந்தால் ஒரே மாதிரி இருக்கிறது என்பார்களா?

கரித்தூள்:
சமைக்கும்போது, ஃபோனில் பேசும்போது, பின்னாலிருந்து, கண்ணாடியில் என்று வரையுங்கள். ஒன்று கரி, ஒன்று மை, ஒன்று வெட்டி ஒட்டியது. ஒரே ஆள் என்பது குறையே இல்லை, ஒரே கோணம்தான் குறை. எத்தனை வைப்பது என்பதை எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். போர்ட்ஃபோலியோவின் கடைசி நாள் சில இடங்களில் விண்ணப்பத்தின் கடைசி நாளிலிருந்து வேறுபடும், ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் இன்றைக்கே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.