கணுக்கால் சுளுக்கி 11 வாரம் ஆகியும் குதித்து இறங்கினால் மடங்குகிறது

வாலிபால் ஆடுகிறேன். 11 வாரத்துக்கு முன் பிளாக் போட்டு இறங்கும்போது எதிரணி ஆளின் பாதத்தை மிதித்து, இடது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. வெளிப்பக்கம் புடைத்திருக்கும் எலும்புக்குச் சற்று முன்னால் உள்ள லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) பாதி கிழிந்திருக்கிறது, இரண்டாம் கிரேடு என்றார் டாக்டர்.

மூன்று வாரம் பிரேஸ், ஐஸ். அப்புறம் பிசியோ சொன்னபடி ரப்பர் பேண்டில் பாதத்தை வெளிப்பக்கம் இழுப்பது, குதிகாலை உயர்த்துவது, ஒற்றைக் காலில் நிற்பது எல்லாம் தினமும் செய்கிறேன். கண் திறந்திருந்தால் ஒரு நிமிடம் அசையாமல் நிற்பேன். மூடினால் ஐந்தாறு நொடியில் பாதம் நடுங்கி, மறுகால் தரையைத் தேடுகிறது.

நேராக ஓடினால் வலியே இல்லை. சட்டென்று பக்கவாட்டில் திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும்தான் கால் விட்டுப்போகிறது, இரண்டு வாரத்தில் மூன்று முறை. மாலையில் லேசான வீக்கம். குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடும் சோதனையில், கால்விரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள தூரம் வலது 11 செ.மீ., இடது 7தான். இந்த வித்தியாசம்தான் என்னை உறுத்துகிறது. டேப் சுற்றிக்கொண்டு ஆடச் சொல்கிறார்கள், அது குறையை மூடி மறைப்பதாகவே எனக்குப் படுகிறது.

இதிலிருந்து மீண்டவர்களோ பிசியோக்களோ சொல்லுங்கள்: குதிக்கும் பயிற்சியை இப்போதே மெல்லத் தொடங்கலாமா, இல்லை இந்தச் சோதனையில் இரண்டு கணுக்காலும் சமமாக வளையும் வரை காத்திருக்க வேண்டுமா?