ராக்கீஸ் பிட்சரை ட்ரேடில் எடுக்கலாமா?

வளைபந்து:
பேஸ்பாலில் அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் ட்ரேடில், கொலராடோ ராக்கீஸ் அணிப் பிட்சரின் (பந்தெறிபவரின்) ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுக்கும் ரன்; குறைந்தால் நல்லது) 5-ஐத் தாண்டினாலே "இவன் தேறமாட்டான்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது அநியாயம். ராக்கீஸின் சொந்த மைதானமான டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில், மேல்தளத்தில் ஒரு வரிசை நாற்காலி மட்டும் ஊதா நிறம். கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம் அது. அங்கே காற்று மெலிது. அடித்த பந்து கூடுதல் தூரம் பறப்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட, சுழலும் பந்தை வளைக்கப் போதுமான காற்று இல்லை என்பதுதான் பிட்சருக்குப் பெரிய அடி. முழங்காலுக்குக் கீழே இறங்கவேண்டிய கர்வ்பால், பேட்டருக்கு வாகாக மேலேயே நின்றுவிடும்.

டாரில் கைல் என்ற பிட்சருக்குப் பிழைப்பே கர்வ்பால்தான். ஹூஸ்டனில் 1997-இல் ஈஆர்ஏ 2.57. ராக்கீஸில் 1999-இல் 6.61. செயின்ட் லூயிஸ் அணி அவரை ட்ரேடில் எடுத்தது. 2000-இல் அவர் பெயரில் 20 வெற்றி!

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
கைலை மட்டும் காட்டினால் போதுமா? உபால்டோ ஹிமேனஸையும் பாருங்கள். 2010-இல் இதே ராக்கீஸுக்காக 19 வெற்றி, ஈஆர்ஏ 2.88. மறு வருடம் கிளீவ்லாந்து அவரை வாங்கியது. மலையை விட்டு இறங்கியாயிற்று, அப்புறம் என்ன ஆனது? 2012-இல் 17 தோல்வி, ஈஆர்ஏ 5.40. கைல் அப்போது ஆடிய ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோடோமும் பிட்சர்களுக்குச் சாதகமான மைதானமாகத்தான் இருந்தது. அதனால் அந்த 2.57-இன் பெருமையையும் கொஞ்சம் கழித்துத்தான் பார்க்கவேண்டும்.

வளைபந்து:
கழிக்கலாம், சரி. ஆனால் உபால்டோ விஷயம் வேறு. அவருக்கு வேகம் குறைந்துபோனது. அதை மைதானத்தின் கணக்கில் எழுத முடியாது. நான் சொல்வது கர்வ்பாலை நம்புகிறவர்களைப் பற்றி. பேட்டர் அடிக்கும் பந்தைத் தரையோடு உருளவைப்பவர்கள் டென்வரிலும் தாக்குப்பிடிக்கலாம்.

மதுரைக்காரன்:
அப்படியானால் மைக் ஹாம்ப்டன்? தரையோடு உருளவைப்பதில் கெட்டிக்காரர் என்றுதான் ராக்கீஸ் அவருக்கு 8 வருடத்துக்கு 121 மில்லியன் டாலர் கொடுத்தது. 2001-இல் ஈஆர்ஏ 5.41. 2002-இல் கூர்ஸ் ஃபீல்டில் பந்துகள் காய்ந்து வழுக்காமலிருக்க ஈரப்பதம் காக்கும் அறையில் வைக்கத் தொடங்கினார்கள். அப்போதும் அவருக்கு 6.15. அட்லாண்டா போனதும் 2003-இல் 3.84.

வளைபந்து:
ஹாம்ப்டனிடம் என் கணக்கு பிசகுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ட்ரேடில் அவரை எடுத்த அட்லாண்டா ஏமாறவில்லையே.

ஒன்பதாம் இன்னிங்ஸ்:
அது நியாயம். ஆனாலும் வாங்குகிறவர் ஈஆர்ஏவை ஓரமாக வைத்துவிட்டு வேகத்தையும், வெளியூர் ஆட்டங்களில் எத்தனை ஸ்ட்ரைக்அவுட் (பேட்டர் அடிக்கத் தவறி அவுட்), எத்தனை வாக் (தப்பான பந்துகளால் பேட்டருக்குச் சும்மா கிடைக்கும் பேஸ்) என்பதையும் பார்க்கட்டும். வேகம் இறங்கிய கைக்கு நல்ல இளம் வீரர்களைத் தூக்கிக் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.